முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கிய பத்மினி: வீட்டிலேயே என்ஜினைப் பிரிக்கலாமா?

முடிச்சூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பா 1978இல் புதிதாக வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னும் வீட்டில் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, போர்டிகோவில் நின்ற வண்டிக்குப் பானட் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறி இரண்டு நாள் வடியாமல் நின்றது. ஒரு வாரம் கழித்துத் தெருமுனை மெக்கானிக் வேறு பேட்டரி கொடுத்து செல்ஃப் அடித்துப் பார்த்தார். ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு நாலு பேர் சேர்ந்து இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். பின்சக்கரம் தரையில் இழுபட்டதே தவிர என்ஜின் சுற்றவில்லை. அதன்பின் ஒன்றரை வருடமாக வண்டி தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

“பிளாக் போச்சு, புதுப்பேட்டையில் வேறு என்ஜின் எடுத்து மாட்டிவிடலாம்” என்கிறார் மெக்கானிக். கணவர் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் மகன், “நாமே பிரிப்போம்மா” என்று போன மாதம் பிளக்குகளைக் கழற்றி ஓட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். 79 வயது அப்பா எதுவும் சொல்வதில்லை. காலையில் காபி டம்ளரோடு தார்ப்பாய்ப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார். வீட்டில் வைத்தே என்ஜினைச் சரிசெய்ய முடியுமா, பிளாக் தேறுமா, வேறு என்ஜின் போட்டால் ஆர்டிஓவில் சிக்கல் வருமா, இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார் வாசகி.

அன்புச் சகோதரிக்கு,

பிளாக், அதாவது சிலிண்டர்கள் அடங்கிய என்ஜின் உடல், போய்விட்டது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. அதன் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றாமல், சிலிண்டரை அளக்காமல், வெளியிலிருந்து சொன்ன வார்த்தை அது. இறுகிப்போன என்ஜின் வேறு, செத்துப்போன என்ஜின் வேறு. உங்கள் வண்டியில் இருப்பது 1089 சிசி, நாலு சிலிண்டர் ஃபியட் என்ஜின். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் தண்டு மூன்று மெயின் பேரிங்கில் உட்காரும். எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற, ஸ்பானருக்கு எட்டுகிற வேலைகள். வீட்டில் பிரித்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல என்ஜின் கிடைப்பது அரிது. அதனால் முதல் கேள்விக்குப் பதில்: பிரிக்கலாம், கழுவலாம், திரும்பப் பூட்டலாம். ஆனால் அளப்பதையும் கடைவதையும் லேத் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி யாரும் அந்த என்ஜினைச் சுற்ற முயல வேண்டாம். செல்ஃப் வேண்டாம், தள்ள வேண்டாம், கிராங்க் புல்லி நட்டில் நீளக் குழாய் மாட்டி நெம்பவும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் வந்த வண்டிகளில், தண்ணீரால் கெட்டதைவிட தண்ணீர் வடிந்த மறுவாரம் காட்டிய அவசரத்தால் கெட்டதைத்தான் அதிகம் பார்த்தேன்.

கடிதத்தில் நீங்கள் நம்பியிருக்கும் சில விஷயங்கள்

“வண்டி ஓடாமல் நின்றதால் என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்காது” என்று எழுதியிருக்கிறீர்கள். போயிருக்கும். நாலு சிலிண்டர் என்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் இன்லெட் வால்வு திறந்திருக்கும், வேறொன்றில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும். ஏர் கிளீனர் மூழ்கினால் கார்புரேட்டர் வழியாக ஒன்றுக்குள்ளும், சைலன்சர் குழாய் வழியாக மற்றொன்றுக்குள்ளும் தண்ணீர் இறங்கும். அதனால்தான் வெள்ளத்தில் நின்ற என்ஜினைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு சிலிண்டர் துருவேறியும் மற்ற இரண்டு ஓரளவு தப்பித்தும் இருக்கும். ஹெட்டைத் திறந்ததும் முதலில் தெரிகிற அந்த மோசமான சிலிண்டரைப் பார்த்து மனதை விட்டுவிடாதீர்கள்.

“டிப்ஸ்டிக்கில் பார்த்தோம், ஆயில் குறையவே இல்லை, கோட்டுக்கு மேலேயே இருக்கிறது” என்பது அடுத்தது. அதுதான் எனக்குக் கவலை. ஆயில் தண்ணீரைவிட லேசானது. என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கிய தண்ணீர் அடியில் படிந்து ஆயிலை மேலே தூக்கியிருக்கிறது. குச்சியில் ஒட்டுவது மேலே மிதக்கும் ஆயில் மட்டும். ஆயில் பம்பின் உறிஞ்சு வாய் இருப்பதோ அடியில். இந்த நிலையில் என்ஜின் ஒரு நிமிடம் ஓடியிருந்தால் பேரிங்குகளுக்கு ஆயிலுக்குப் பதில் வண்டல் தண்ணீர்தான் போயிருக்கும். அன்று அது ஓடாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். சம்ப் போல்ட்டைத் திறக்கும்போது ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். முதலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, வண்டல் எவ்வளவு என்று பார்த்தால் உள்ளே நடந்தது பாதி புரிந்துவிடும்.

மகன் ஊற்றிய மண்ணெண்ணெயில் கெடுதல் இல்லை. ஆனால் பிஸ்டனைச் சுற்றிப் பிடித்திருக்கும் துருவை அது கரைக்காது. இரும்பு துருவானால் பருமன் கூடும். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் நடுவில் அந்தத் துரு ஆப்பு மாதிரி இறுகிவிடுகிறது. பக்கத்தில் அலுமினியப் பிஸ்டன் வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டு வந்து அதோடு சேர்ந்துகொள்கிறது. அதனால் பிஸ்டனை மேலே நின்று அடித்து இறக்க நினைக்காதீர்கள்.

தார்ப்பாயையும் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். சிமெண்டுத் தரையிலிருந்து ஏறும் ஈரம் உள்ளே வியர்த்து மறுபடி வண்டிமேலேயே இறங்கும். கூரைக்கடியில் நிற்கிற வண்டிக்கு ஒரு பழைய பருத்திப் புடவை போதும்.

வீட்டில் செய்யும் வேலை

பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொரு ஒயரையும் குழாயையும் கழற்றுவதற்கு முன் போனில் படமெடுத்து, ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இது சின்ன வேலை போலத் தெரியும். மூன்று மாதம் கழித்துப் பூட்டும்போது இதன் அருமை தெரியும். ஹெட் நட்டுகளை ஒரேயடியாகத் திருகிவிடக் கூடாது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, ஒவ்வொன்றாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று தளர்த்த வேண்டும். அலுமினிய ஹெட் முறுக்கிக்கொண்டால் பிறகு பட்டறையில் இழைக்க நேரும். வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகளையும் டேப்பெட்டுகளையும் அட்டையில் ஓட்டை போட்டு வரிசை மாறாமல் குத்தி வையுங்கள். அவை தங்கள் இடத்திலேயே தேய்ந்து பழகியவை.

மிக முக்கியம் பேரிங் கேப்புகள், அதாவது கிராங்கைப் பிடித்திருக்கும் மூடிகள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு கேப்போ மெயின் கேப்போ, கழற்றுவதற்கு முன் எண்ணும் திசையும் அடையாளம் போட வேண்டும். ஒன்றின் கேப்பை இன்னொன்றில் போட்டால் ஓட்டை வட்டமாக இருக்காது, கிராங்க் பிடித்துக்கொள்ளும். பட்டறைகளில்கூட இந்தத் தவறு நடக்கிறது.

பிஸ்டன் வராவிட்டால் என்ன செய்வது? அவசரமே இல்லை. ஹெட்டும் சம்ப்பும் கழன்ற பிறகு, மேலே தெரியும் துருவை முதலில் சுரண்டித் துடைத்துவிட்டு, துரு தளர்த்தும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். தினமும் புதிதாகக் கொஞ்சம். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சம அளவு கலந்து ஊற்றுவோர் உண்டு, நன்றாக வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அதைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். பிறகு கட்டையை வைத்து, எல்லாப் பிஸ்டன் மேலும் மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டினால் ஒரு நாள் இம்மியளவு அசையும். அசைந்த பக்கத்துக்கே தொடர்ந்து தள்ளாமல் முன்னும் பின்னும் ஆட்டிக் கொடுங்கள். அந்த முதல் அசைவைப் பார்க்கும்போது உங்கள் மகன் போடும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும், பாருங்கள்.

இறுக்கம் விட்டபின், ராடுகளைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. அன்று செல்ஃப் அடித்தபோது சிலிண்டரில் தண்ணீர் இருந்திருந்தால், அழுத்த முடியாத அந்தத் தண்ணீரில் முட்டிக் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். கிராங்கைக் கையால் சுற்றி, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது பிளாக் மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த ராடு வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவுகூட இதில் தெரியும்.

கழுவும் வேலைக்குத்தான் அதிக நாளைக் கொடுங்கள். வெள்ளத்தில் தண்ணீரைவிட வண்டல் மோசமானது. கிராங்கின் உள்ளே ஆயில் போகும் துளைகள், பிளாக்கின் ஆயில் கால்வாய்கள், தண்ணீர் ஜாக்கெட் எல்லாவற்றிலும் பவுடர் மாதிரி மண் படிந்து காய்ந்திருக்கும். கால்வாய்களின் முனைப் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நீளமான பிரஷ், சூடான சோப்புத் தண்ணீர், பிறகு காற்று. வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரைக்கும் திரும்பத் திரும்ப. கழுவிய இரும்பு சில நிமிடங்களிலேயே செம்மை கட்டும், எனவே காய்ந்ததும் ஆயில் தடவிவிட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த வண்டலில் சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்திருந்தது என்பதை முடிச்சூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மெக்கானிக் காஸ்டிக் சோடாவில் போட்டுக் கொதிக்க வைக்கலாம் என்றாராம். இரும்புப் பிளாக்குக்கு அது சரி. ஹெட்டையும் பிஸ்டனையும் கார்புரேட்டரையும் அதில் போட்டால் கரைந்தே போகும், கூடவே எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும்தான்.

லேத் பட்டறைக்குப் போக வேண்டியவை

பிளாக், கிராங்க், ஹெட், கனெக்டிங் ராடு ஆகிய நான்கையும் போரிங் மெஷினும் மைக்ரோமீட்டரும் உள்ள நல்ல பட்டறைக்குக் கொண்டுபோங்கள். “போர் பண்ணிடுங்க” (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துங்கள்) என்று கொடுத்துவிட்டு வராதீர்கள். “அளந்து எழுதிக் கொடுங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்” என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில், இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். இந்த என்ஜினில் சிலிண்டர் விட்டத்தின் மூல அளவு 68 மில்லிமீட்டர். ஏற்கெனவே எத்தனை முறை போர் செய்திருக்கிறது என்பது அந்த எண்ணிலிருந்தே தெரிந்துவிடும். உங்கள் அப்பாவிடமும் கேளுங்கள், அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

துருவின் தடம் ரிங் ஓடும் பகுதிக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ரிங் ஓடும் பாதையில் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் அடுத்த ஓவர்சைஸுக்கு, அதாவது கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடும் அளவுக்கு, கடைய வேண்டியிருக்கும். அதையும் தாண்டி ஆழமாக அரித்திருந்தால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் (புது உள்ளுறைக் குழாய்) இறக்கலாம். ஆக, பெரும்பாலான துருவுக்கு வழி உண்டு. வழியில்லாதது விரிசல்தான், அதைப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள்.

வரிசையில் ஒரு விஷயம்: பிஸ்டனும் ரிங்கும் கையில் வந்த பிறகே போர் செய்ய வேண்டும். பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. எந்த அளவுப் பிஸ்டன் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் சிலிண்டரைக் கடைய முடியும். கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடுங்கள். மும்பையில் இந்த வண்டிகள் பல வருடம் டாக்ஸியாக ஓடியதால் அங்கேயும் பழைய ஸ்டாக் கிடைக்கிறது.

வேறு என்ஜின் போடலாமா?

போடலாம், ஆனால் மூன்றையும் சேர்த்து யோசியுங்கள்: சட்டம், நம்பகம், 2028.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. என்ஜின் எண் அந்த விவரங்களில் ஒன்று. மாற்றினால் ஆர்டிஓவில் பதிய வேண்டும், வாங்கிய என்ஜினுக்கு முறையான பில்லும் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத என்ஜினை மாட்டினால், அது திருட்டு வண்டியினுடையது என்று பின்னால் தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் அப்பா. பழைய என்ஜினும் உள்ளே எப்படியிருக்கிறது என்று தெரியாத ஒன்றுதான். அதையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். அப்படியானால் சொந்த என்ஜினையே பிரிக்கலாமே.

2028 ஏன் என்றால், உங்கள் வண்டி 1978இல் பதிவானது, ஆர்சியும் 2028 வரை என்று எழுதியிருக்கிறீர்கள். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதே எண்ணுள்ள பிளாக்கைப் பழுது பார்த்து வைத்திருந்தால் அந்த வாசல் உங்களுக்குத் திறந்திருக்கும். வேறு என்ஜின் மாட்டினால் அது கேள்விக்குறி. அதே சமயம் விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று எடுக்கலாம். அப்பாவைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதே வண்டியில் கூட்டிப் போக ஆசை என்றால் சாதாரணப் புதுப்பிப்பே நல்லது. பட்டறை பில்களையும் படங்களையும் எதற்கும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, நீங்கள் வைத்திருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும். அது உங்களால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. உங்கள் வண்டியின் வெள்ளச் சேதம் அதில் வராது. அதற்காக இனி அலைய வேண்டாம்.

உயிரைப் பற்றி ஒரு வார்த்தை

என்ஜினை இறக்கப் போர்டிகோ கூரையில் உள்ள கொக்கியில் செயின் பிளாக் (எடை தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டலாமா என்று மகன் கேட்டிருக்கிறார். கூடாது. அது ஊஞ்சலுக்கோ ஃபேனுக்கோ போட்ட கொக்கி. என்ஜின் நூறு கிலோவுக்கு மேல். முக்காலி ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும். வண்டிக்கடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஹாலோ பிளாக் கல்லையும் முட்டுக் கொடுக்காதீர்கள்; அது எச்சரிக்காமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டுகள் வாங்குங்கள், இந்த வேலையில் நீங்கள் செய்யும் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். டேங்கில் உள்ள பெட்ரோலும் தண்ணீரும் கலந்த கசடை சமையலறைப் பக்கம் இல்லாத இடத்தில், பகலில் வடியுங்கள். காலி டேங்கை வெல்டிங் வைக்க யாரிடமும் கொடுக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். கழற்றிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

என்ஜின் தயாராகும் முன்பே பிரேக்கைப் பிரித்துவிட வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், டிரம் எல்லாம் அதே தண்ணீரில்தான் நின்றன. கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஆயிலையும் வடித்துப் பாருங்கள், பால் நிறத்தில் வந்தால் அங்கேயும் தண்ணீர்.

பூட்டும்போது ஒவ்வொரு கேப்பையும், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் பிடிக்கிறதோ அங்கேயே நின்று காரணம் தேடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகள் இல்லாமல் செல்ஃபில் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே பிளக் போடுங்கள். பழைய வயரிங்கில் துரு இருக்கும், விளக்கை மட்டும் நம்பாமல் ஒரு பிரஷர் கேஜையும் மாட்டிப் பாருங்கள். சூடேறி ஆறியதும் முதல் ஆயிலைக் கொட்டிவிடுங்கள், 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். ஹெட் நட்டுகளையும் என்ஜின் ஆறியபின் இன்னொரு முறை இறுக்க வேண்டும்.

உங்கள் அப்பாவைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே டேப்பெட் வைப்பார், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 79 வயதில் ஸ்பானர் பிடிக்க வேண்டாம். ஆனால் ஒரு நாற்காலியும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து, கழற்றுகிற வரிசையையும் அளவுகளையும் அவர் எழுதட்டும். அந்த இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் எந்த அளவுக்கு இறுகலாகப் போக வேண்டும் என்பதை மகனுக்கு அவரால்தான் கையைப் பிடித்துச் சொல்லித்தர முடியும். அது எந்த மேனுவலிலும் இல்லை.

வருகிற சனிக்கிழமை சம்ப் போல்ட்டைத் திறந்து அந்தப் பாட்டிலைப் பிடியுங்கள். ஹெட் கழன்றதும் நாலு சிலிண்டரின் படங்களையும், பட்டறை தரும் அளவுத் தாளையும் எனக்கு அனுப்புங்கள். எந்த ஓவர்சைஸ் என்பதை அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்கு முன்னால் பிஸ்டன் எதையும் வாங்கிவிடாதீர்கள்.